பாரிமுனையில் என்ன பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

சென்னை ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கோவையிலிருந்து வந்திருந்தேன். ஆர்மீனியன் தேவாலயம் அழகு. மற்றபடி கோடவுன் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் பார்த்ததெல்லாம் விளம்பரப் பலகை, மின்கம்பி, மூட்டை, தள்ளுவண்டிதான். பழைய வீடுகளை எல்லாம் இடித்துவிட்டார்களா? மொத்த வியாபாரத்தை வெளியே அனுப்பிவிட்டு, புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி மாதிரி ஆக்கினால் என்ன?

ர., கோவை

அன்புள்ள ர.,

இடித்ததும் உண்டு, உங்கள் கண்ணில் படாததும் உண்டு. இடிப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஜார்ஜ் டவுன் இன்றைய உருவம் பெற்றதே ஓர் இடிப்பினால்தான்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் அருகே ஒரு கல்தூண் நிற்கிறது. எஸ்பிளனேடின் (கோட்டையைச் சுற்றி விட்ட வெட்டவெளியின்) எல்லை, 1773 ஜனவரி 1 என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதற்குத் தெற்கே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி ஒரு முழு ஊர் இருந்தது. அதுதான் முதல் கருப்பர் நகரம், இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் அப்படி அழைத்தார்கள். 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரின் பெரும்பகுதியை இடித்தார்கள். 1749இல் கோட்டை திரும்பக் கிடைத்தபின், எதிரி மறைந்து நின்று சுட ஒரு சுவரும் இருக்கக்கூடாது என்று ஆங்கிலேயர் மிச்சத்தையும் எடுத்துவிட்டார்கள். இனி இங்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்குத்தான் அந்தத் தூண். வடக்கே ஏற்கெனவே இருந்த பேட்டைகள்தான் பிறகு ஜார்ஜ் டவுன் ஆயின. ஊரோடு பட்டணம் கோயிலும் போயிற்று. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று அதை வடக்கே இரண்டு கோயில்களாகத் திரும்பக் கட்டினார். பூக்கடைப் பக்கம் அடுத்தடுத்து நிற்கும் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள் அவைதான்.

அடுத்து பிராட்வே. பிரகாசம் சாலை என்று பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகியும் வாயில் வருவது பிராட்வேதான். அதற்குக் கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்துநாயக்கன்பேட்டை. அந்தக் காலத்தில் பல சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்தன. 1707இல் அந்த இரண்டு அணிக்கும் பெரிய கலகம் மூண்டது. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதுவரை சண்டை. கவர்னர் தாமஸ் பிட், வலங்கையாருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியாலுப்பேட்டை என்று பிரித்துவிட்டார். பொற்கொல்லர், தச்சர் முதலான கம்மாளர்கள் இடங்கையார், அவர்களுடைய காளிகாம்பாள் கோயில் கிழக்கே தம்புச் செட்டித் தெருவில் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டு பேட்டைக்கும் நடுவே தண்ணீர் ஓடிய பள்ளம் ஒன்று இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பொப்பாம் என்ற வக்கீல் அதைத் தூர்த்துச் சாலை போட்டார். நீங்கள் சிக்னலில் கடந்த அந்தச் சாலை, ஊரை இரண்டாகப் பிரித்த கோடு.

ஜார்ஜ் டவுனில் நான் பார்க்கச் சொல்வது முதலில் இந்தத் தரையைத்தான். வீடுகள் மாறிவிட்டன. தெருக்களின் போக்கும், குறுகிய முகப்போடு பின்னால் நீண்டு போகும் மனைகளும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம்கூட அந்தப் பழைய மனைக்குள் ஒடுங்கித்தான் நிற்கிறது.

சரி, வீடுகளே இல்லையா? இருக்கின்றன. பலகைக்கு மேலே பாருங்கள். கீழே கடை, மேலே மரக் கைப்பிடியும் சுண்ணாம்புத் தூண்களுமாக முதல் மாடி அப்படியே இருக்கும். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு மாடிப்படியில் காரை உதிர்ந்த கூரையைப் பார்த்தேன். நெருக்கமாகத் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் விரல் பருமனுள்ள சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருந்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறை இதுதான். இதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதற்கும் மேல் தட்டையான ஓடு. அதைக் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு உண்மையான கவலை.

வியாபாரத்தை வெளியேற்றலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. இது கடைக்காரர்கள் கட்டிய ஊர். தெருப்பெயர்களிலேயே செட்டியார்களும் நாயக்கர்களும் இருக்கிறார்கள். 1996இல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் ஓரளவு குறைந்திருக்கலாம், ஆனால் அதனால் ஒரு பழைய வீட்டுக்கும் பாதுகாப்பு வந்துவிடவில்லை. கூரை ஒழுகினால் சரிசெய்ய உரிமையாளருக்குப் பணமும் வழியும் வேண்டும். அது இல்லாதபோது இடிப்பதுதான் அவருக்கு லாபம். அங்கேதான் அரசும் மாநகராட்சியும் உதவ வேண்டும்.

அடுத்த முறை ஞாயிறு காலையில் வாருங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நகரின் மதிலைப் பார்க்க வால்டாக்ஸ் சாலைக்குப் போக வேண்டாம், அங்கே மதில் வரியை (வால் டாக்ஸ்) நினைவூட்டும் பெயர்தான் மிச்சம். வடக்கே பழைய ஜெயில் சாலையில் ஒரு துண்டு நிற்கிறது, மாடிப் பூங்கா அதன் மேல்தான் இருக்கிறது. அப்புறம், எந்த வீட்டு மாடிப்படியிலும் ஏறும் முன் கீழே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் அவர்களே கூட வந்து காட்டினார்கள்.