மூன்று நாளில் யாரும் மனநல ஆலோசகர் ஆக முடியாது

தேனி பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். ஊரில் மனநல விழிப்புணர்வு நடத்த ஆசை. ஓர் அறக்கட்டளைக்காரர் தலைக்கு 6,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். மூன்று நாள் பயிற்சி, முடிவில் 'மனநல ஆலோசகர்' சான்றிதழ், அப்புறம் நாங்களே கவுன்சலிங் கொடுக்கலாமாம். கட்டலாமா?"

கட்டாதீர்கள். 12 பேருக்கு 72,000 ரூபாய், குழுச் சேமிப்பே போய்விடும். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட வருஷக்கணக்கில் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இவர்கள் தருவது பளபளப்பான அட்டை, அவ்வளவுதான். 'அரசு அங்கீகாரம்' என்பார்கள். பெரும்பாலும் அந்த டிரஸ்ட் பதிவாகியிருக்கும், பயிற்சிக்கு எந்த அங்கீகாரமும் இருக்காது. மூன்று நாள் படித்துவிட்டு, பிள்ளை பெற்ற பெண் உறங்காமல் தனக்குத்தானே பேசுவதை 'மாமியார் பிரச்சினை' என்று பேசித் தீர்க்கப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பெண் சிகிச்சைக்கு எங்களிடம் வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது.

உங்கள் வேலை வைத்தியம் பார்ப்பது இல்லை, ஆளைக் கண்டுபிடித்து அனுப்புவது. அதற்குக் காசு வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழு எங்கே என்று விசாரியுங்கள், ஊருக்கு வந்து பேசச் சொல்லி மனுக் கொடுங்கள். தேதி கிடைக்க நாலு தடவை அலைய விடுவார்கள், அலையுங்கள். 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது, 2017இல் மனநலச் சட்டமே வந்தது, ஆனாலும் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

நோட்டீஸில் 'மனநோய் முகாம்' என்று போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். 'தூக்கம் வரவில்லையா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா' என்று போடுங்கள். ஒரு கூட்டத்தில் மைக் அணைத்த பிறகுதான், டீ டம்ளரோடு ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கமே இல்லைங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரி அவர்தான். அதனால் பேச்சு முடிந்ததும் பாயைச் சுருட்டாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, குழுவுக்குள்ளும் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு: 'செத்துப்போகலாம் போலிருக்கு' என்று யாராவது சொன்னால், 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சரி, அந்தச் சத்தியம் செல்லாது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் செல்லாது, குடித்துவிட்டுச் சொன்னாலும் செல்லாது, போன மாதமும் இதையே சொன்னார் என்றாலும் செல்லாது. ஆளைத் தனியே விடாதீர்கள், வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், பூச்சிமருந்து டப்பாவை அன்றைக்கே அந்த வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயமுறுத்துகிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் 2017 சட்டம். ராத்திரியானால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள், இலவசம், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. லைன் கிடைக்கவில்லையென்றால் விடாமல் மறுபடி அடியுங்கள்.

அறக்கட்டளைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ரசீது தரவில்லை என்றால், அது எப்படிப்பட்ட டிரஸ்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.