ஓலா யெய்லோ பியானோ கலைஞரா, சேர்ந்திசை அமைப்பாளரா?

இரண்டும்தான். அவர் இசையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கடினம்.

1978இல் நார்வேயில் பிறந்தவர். ஐந்து வயதிலேயே பியானோ வாசிக்கவும் சொந்தமாக மெட்டுப் போடவும் தொடங்கினார். ஆஸ்லோ, லண்டன், நியூயார்க் என்று படித்து, 2006இல் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் முதுகலை முடித்தார். பிறகு அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்.

சேர்ந்திசையில் பியானோ பெரும்பாலும் பாடகர்களைத் தாங்கிப் பிடிக்கும் பக்கவாத்தியம். யெய்லோ அதை முன்னால் கொண்டுவந்தார். 2010இல் எழுதிய ‘டார்க் நைட் ஆஃப் த சோல்’ கேட்டுப் பாருங்கள். சிலுவையின் புனித யோவான் எழுதிய ஸ்பானியக் கவிதையின் ஆங்கில வடிவத்தைக் குழு பாடுகிறது. கூடவே பியானோவும் நான்கு தந்திக் கருவிகளும். சில இடங்களில் குரல்கள் சொற்களை விட்டுவிட்டு வெறும் நாதமாகப் பின்னால் நிற்க, பியானோ முழு வேகத்தில் ஓடும். எனக்கு அவருடைய படைப்புகளில் இதுதான் உச்சம்.

அதிகம் பாடப்படும் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நேர்மாறானது: வாத்தியமே கிடையாது. விவிலியத்தின் உன்னதப்பாட்டு வரிகளை லத்தீனில் குரல்கள் மட்டும் பாடுகின்றன.

மனோதர்மமாக வாசிப்பதிலும் அவர் தேர்ந்தவர். ‘ஊபி காரித்தாஸ்’ போன்ற தன் பழைய பாடல்களைக் குழு பாடும்போது, எழுதி வைக்காத பியானோ வரிகளை அதன்மேல் அப்போதே சேர்ப்பார். முதலில் துணையில்லாத பாட்டைக் கேளுங்கள், பிறகு இந்த வடிவத்தை. அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது அதில் தெளிவாகத் தெரியும்.