உலக சினிமா ரசிகர்களை மற்றவர்கள் ஏன் கிண்டல் செய்கிறார்கள்?

வெளிநாட்டுப் படங்களையும் கலைப் படங்களையும் தேடித்தேடிப் பார்ப்பவரை உலக சினிமா ரசிகர் என்கிறோம். அந்த ஆர்வம் பெரும்பாலும் யாரையும் உறுத்தாது. அதை வைத்து அடுத்தவர் ரசனையை மட்டம் தட்டும்போதுதான் மீம் பிறக்கிறது. இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும் நண்பன் "ஃபைட் சூப்பர்ல?" என்கிறான். பதிலுக்கு கேமரா கோணம், கொரியப் படத்தில் இதே மாதிரி காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று பாடம் ஆரம்பித்தால் அவன் முகம் வாடிவிடும்.

இருவரும் படத்திடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருபவருக்கு இரண்டரை மணி நேரம் கவலை மறந்தால் போதும். நிறையப் பார்த்தவருக்கோ பழகிய திருப்பங்கள் அலுத்துவிடுகின்றன, அவர் புதுசாக எதையாவது தேடுகிறார். இரண்டும் நியாயமான ஆசைதான். ஆனால் கல்யாணப் பந்தியில் ஒருவர் ரசித்துச் சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரர் சாம்பாரில் பெருங்காயம் குறைச்சல் என்று விளக்கினால் எப்படி இருக்கும்? சொல்வது சரியாகவே இருக்கலாம், சாப்பிடுகிறவருக்கு ருசி போய்விடும்.

அப்புறம், கூட்டம் கூடுகிற படம் கலையாக இருக்காது என்று இரு தரப்பிலும் பலர் நம்புகிறார்கள். அது தவறு: உலக சினிமா ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்' 1954-ல் ஜப்பானில் வசூலை அள்ளிய படம்.