வன உரிமைப் பட்டா நிலத்தில் நிற்கும் தேக்கை விற்கலாமா?

கேள்வி: கல்வராயன் மலையில் என் அப்பாவுக்கு வன உரிமைச் சட்டப்படி இரண்டு ஏக்கர் பட்டா கிடைத்தது. அதில் அவர் வைத்து வளர்த்த தேக்கு ஆறு நிற்கிறது. மர வியாபாரி ஒருவர், "பட்டா நிலம்தானே, கையெழுத்துப் போடுங்க" என்று முன்பணத்தோடு வருகிறார். ஆனால் காட்டு மூங்கிலை வெட்டினாலே வனக்காவலர் தடுக்கிறார். எது சரி?

பதில்: வியாபாரி பேச்சைக் கேட்காதீர்கள். வனக்காவலர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது வருவாய்த் துறைப் பட்டா இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது, அந்த நிலத்தில் குடியிருந்து பயிர்செய்யும் உரிமை. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. பத்திரத்தில் அம்மா பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் தர வேண்டும். நிலம் இன்னும் காட்டு நிலம்தான். கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலம் யாருக்குச் சொந்தமானாலும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும்.

அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் தேக்கை வெட்டினால் வழக்கு உங்கள் குடும்பத்தின் மேல் வரும். லாரி பிடிபட்ட அன்றைக்கு வியாபாரி போனை எடுக்க மாட்டார். அப்பா நட்ட மரம் என்பதை அனுமதி கேட்கும் மனுவில் எழுதலாம், அவ்வளவுதான். பயிரும் பலாப்பழமும் உங்களுடையவை, தாராளமாக விற்கலாம்.

மூங்கில் கதை வேறு. தேன், கடுக்காய் போல அதுவும் சிறு வன மகசூல். வழக்கமாகச் சேகரித்து வந்தவர்கள் அதை எடுக்கலாம், விற்கலாம். ராயல்டி, கட்டணம் எதுவும் கிடையாது. வண்டியில் ஏற்றிப்போகும் பெர்மிட்டைக்கூட, 2012 விதித் திருத்தப்படி, கிராம சபை அமைத்த குழுவே தரலாம். மகாராஷ்டிரத்தின் மெண்டா லேகா கிராமத்துக்கு 2011லேயே அந்தப் பெர்மிட் புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் இது சமூக உரிமை, அப்பாவின் தனிப்பட்டா இதற்கு உதவாது. உங்கள் ஊர் 'பி' படிவத்தில் மனுக் கொடுத்திருக்கிறதா என்று வன உரிமைக் குழுவிடம் கேளுங்கள். இல்லையென்றால் கிராம சபையைக் கூட்டச் சொல்லுங்கள். பாதிப்பேராவது வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்; இதில் கோட்டைவிட்டால் தீர்மானம் செல்லாது என்பார்கள். சபையின் தீர்மானம் பாதகமாக இருந்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், முன்பணம் வாங்கியிருந்தால் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது அவரிடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.