வருமுன் காக்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தன்னார்வலர்கள் சேர்ந்து ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அழுத்தம் அதிகம் என்று காட்டியது. பயந்துபோய் மருத்துவரிடம் ஓடியவர்களில் பலருக்கு அங்கே சரியாகவே இருந்தது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். முகாம்களில் பெரும்பாலும் முதுகு சாய வழியில்லாத ஸ்டூல்தான் கிடக்கும். வரிசையில் நின்றவர் வந்து உட்கார்ந்த மறுநொடியே கையில் பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். அளக்கும்போதே பெயர் என்ன, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேள்வி வேறு. இவை ஒவ்வொன்றும் அளவை ஏற்றிவிடும்.

அளக்க வேண்டிய முறை இது. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே அளவை 10 புள்ளி கூட்டிவிடலாம். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கை மேசைமேல் தளர்ந்து கிடக்க, பட்டை இதயத்தின் உயரத்தில் வர வேண்டும். சட்டைக் கைக்கு மேலே பட்டையைக் கட்டாதீர்கள். 1 நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து, சராசரியை எழுதுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது பட்டையின் அளவில். உள்ளே இருக்கும் காற்றுப்பை, மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் இருப்பதைக் குறைத்துக் காட்டும். இந்த இரண்டாவது தவறுதான் எனக்குக் கவலை தருவது. நோய் உள்ளவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஓர் அளவுநாடாவும் இரண்டு மூன்று அளவுப் பட்டைகளும் இல்லாமல் முகாம் போட வேண்டாம்.

ஒரே நாள் அளவை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்டாதீர்கள். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் உயர் ரத்த அழுத்தம். வீட்டில் கருவி இருந்தால் 7 நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து, முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. ஆனால் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் மறுநாளுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறோம். யாரும் காதில் வாங்குவதில்லை. மக்களின் அலட்சியத்தை என்னதான் செய்வது?

பதில்: அலட்சியம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. மருத்துவ வசதி எல்லோருக்கும் இருந்தது. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்களுக்கும் பதவி ஒரு படி இறங்க இறங்க ஆபத்து ஒரு படி கூடியது. இதயநோயைப் பொறுத்தவரை புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது.

ஆகவே, ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றால் எது தடுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பு அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள். இதை யாரிடம் சொன்னீர்கள்? சமைப்பவரிடமா, சாப்பிடுபவரிடமா? இரவு வேலைக்குப் போய் வெளியே வாங்கிச் சாப்பிடுபவரின் உப்பை அவரா அளந்து போடுகிறார்?

நடைப்பயிற்சியும் அப்படித்தான். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது சரி. அதற்குத் தெரு வேண்டுமே! ஒரு நாள் விடியற்காலையிலும் ஒரு நாள் இருட்டிய பிறகும், நாலைந்து பேர் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் பகுதியை நடந்து பாருங்கள். அதில் ஒரு முதியவரும், ஒரு பெண்ணும், குழந்தையைத் தூக்கிவரும் ஒருவரும் இருக்கட்டும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எந்த முனையில் சாலையைக் கடக்கப் பயமாக இருக்கிறது, உட்கார இடமில்லாமல் முதியவர் எங்கே திரும்பிவிடுகிறார் என்று இடத்தோடும் நேரத்தோடும் எழுதுங்கள். பொத்தாம்பொதுவான மனுவைவிட, கம்ப எண்ணோடு போகும் பட்டியலைத் தட்டிக்கழிப்பது உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடினம்.

கேள்வி: எந்தத் தொந்தரவும் இல்லாதவர் ஆண்டுதோறும் எல்லாப் பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1968-ல் வில்சன், யுங்னர் இருவரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதித் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் பலன் உண்டா, கண்டுபிடித்தால் ஏற்ற சிகிச்சை உண்டா, அது எட்டும் தூரத்தில் இருக்கிறதா? ரத்த அழுத்தமும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் இதில் தேறும். தேவையில்லாமல் பத்துப் பரிசோதனை செய்தால், ஒன்றாவது தவறாகக் கூடிக் காட்டி வீண் அலைச்சலில் கொண்டுவிடலாம்.

கேள்வி: குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டோம். சுத்தம் என்று வந்தது. ஆனாலும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயவில்லையே?

பதில்: குழாயில் பிடித்த மாதிரி குழாய்க்குத்தான் சான்று. குழந்தை குடிக்கும் டம்ளரில் இருப்பதைத் தனியே பார்க்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் டம்ளரை முக்கி எடுக்கும்போது விரல்களும் முங்குகின்றன, அங்கேதான் கெடுகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இதே கதைதான், ஆறிய பிறகு அதைக் காக்கக் குளோரின் போல எதுவும் அதில் இல்லை. வண்ணம் மாறும் குளோரின் பரிசோதனைப் பொருள் வாங்கி, குழாயிலும் பாத்திரத்திலும் அளந்து பாருங்கள். குடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும்.

இல்லையென்றால், வாய் குறுகிய, மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்துக்கு மாறுங்கள். வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு உபயோக திரவ பிளீச்சை 1 லிட்டர் தண்ணீருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் விடுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தால் துணியில் வடிகட்டிவிட்டு 4 சொட்டு. லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும்; வராவிட்டால் இன்னொரு முறை அதே அளவு விட்டு, மேலும் கால் மணி நேரம் பொறுங்கள். பழைய பிளீச் வீரியம் இழந்திருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீரைத் தூரத்திலிருந்து சுமந்து வரும் வீடுகளில், குடிக்கிற தண்ணீருக்கு முன்னால் குறைவது கை கழுவும் தண்ணீர். அந்த வீட்டுக்குக் கை கழுவச் சொல்லும் சுவரொட்டி எதையும் செய்யாது; குழாய் பக்கத்தில் வர வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பும் சர்க்கரையும் இடம் மாறினால் ஆபத்து. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் 100 குழந்தைகளில் 92 பேருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. அப்படியும் தட்டம்மை பரவியது ஏன்?

பதில்: தட்டம்மை அவ்வளவு வேகமாகத் தொற்றும். பாதுகாப்பே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். அதனால்தான் இரண்டு தவணையும் 95 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர வேண்டும் என்கிறோம். உங்கள் 92-ல் இரண்டாம் தவணை போட்டவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

பிறகு மீதி 8 பேரின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பெரும்பாலும் அவை சிதறியிருக்காது, ஒரே சந்தில் கூடியிருக்கும்: புதிதாகக் குடிவந்தவர்கள், நாள்கூலிக்குப் போகிறவர்கள், தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள். இன்னொரு காரணமும் உண்டு. தட்டம்மை மருந்துக் குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கான அளவு இருக்கும். கலக்கிவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். ஒன்றிரண்டு குழந்தைகள் மட்டும் வந்தால் மருந்து வீணாகுமே என்று இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு வந்த தாய் மறுபடி எப்படி வருவார்? ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். மாலை நேரத்திலோ விடுமுறை நாளிலோ அந்தச் சந்திலேயே முகாம் போடக் கேளுங்கள். அட்டை இல்லாவிட்டால் போடாததாகவே கொண்டு போட்டுவிடலாம். ஏற்கெனவே போட்ட குழந்தையாக இருந்தாலும் கூடுதல் தவணையால் தீங்கில்லை.