பதில்: பிலடெல்பியா தனியார் மேலாண்மைப் பள்ளிகள், தேர்ச்சி விகிதக் கணக்கு

2002-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சில அரசுப் பள்ளிகளின் மேலாண்மை தனியாரிடம் போனது. அதன்பின் எடிசன் என்ற லாப நோக்குள்ள நிறுவனம் நடத்திய பள்ளிகளில் தேர்ச்சி விகிதம் ஏறியிருக்கிறது, ஆகவே தனியார் மேலாண்மை பலித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவை இப்போதைக்கு நீக்கிவிடுங்கள். அதே ஆண்டுகளில் பிலடெல்பியாவின் மற்றப் பள்ளிகளிலும் மதிப்பெண் ஏறியது. தவிர, தனியாரிடம் போன 45 பள்ளிகளும் அடிமட்டத்தில் இருந்தவை. ஒரு ஆண்டின் மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணில் தற்செயலும் கலந்திருப்பதால், அப்படிப்பட்டவை யாரும் தொடாமலே அடுத்த ஆண்டு பெரும்பாலும் சற்று மேலே வரும். அதையும் நீங்கள் எடிசன் கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள்.

2002-க்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் மதிப்பெண்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எடிசன் பள்ளிகளின் ஏற்றத்திலிருந்து, அதே தொடக்க நிலையில் இருந்த, பிலடெல்பியா கல்வி மாவட்டமே நடத்திய பள்ளிகளின் ஏற்றத்தைக் கழியுங்கள். 'தேர்ச்சி' சதவீதம் வேண்டாம், சராசரி மதிப்பெண் எடுங்கள். தேர்ச்சிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டாலே சதவீதம் குதித்துவிடும். மாநிலத் தேர்வின் கணிதமும் வாசிப்பும் அப்போது 5, 8, 11 வகுப்புகளுக்குத்தான். ஆகவே 2002-இன் ஐந்தாம் வகுப்பும் 2003-இன் ஐந்தாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். முடிந்தால் மாணவர்வாரித் தரவு, அதாவது அதே பிள்ளையின் மதிப்பெண்ணை ஆண்டுதோறும் தொடரும் தரவு, தேடுங்கள்.

ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2007-இல் மாணவர்வாரியாகப் பார்த்தபோது, நான்கு ஆண்டுக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக எந்த விளைவும் தெரியவில்லை. மாவட்டமே சீரமைத்த 21 பள்ளிகளில்தான் முதல் மூன்று ஆண்டுகள் கணிதத்தில் முன்னேற்றம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் பீட்டர்சனும் சிங்கோஸும் வேறு முறையில், லாப நோக்குள்ள நிறுவனங்கள் நடத்திய பள்ளிகளுக்குக் கணிதத்தில் சாதகம் கண்டார்கள். இரண்டையும் எழுதுங்கள். தனியாருக்கு மாணவர் தலைக்குக் கூடுதல் பணமும் போனது, அதை விடாதீர்கள்.