அம்மாவுக்கு சுகர் இருப்பதை பாலிசி படிவத்தில் மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் மாதம் 48,000 ரூபாய். மனைவி, ஒரு குழந்தை, அம்மா என்று வீட்டில் நான்கு பேர். அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாக சுகர், மூன்று வருடமாக பிரஷர், இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் அம்மாவையும் சேர்த்திருக்கிறேன், மொத்தம் 3 லட்சம். அது போதாது என்று தனியாக 5 லட்சத்துக்கு பாலிசி எடுக்கப் போனால், "சுகர், பிரஷர் எதையும் காட்ட வேண்டாம் சார், பிரீமியம் ஏறிவிடும். ஐந்து வருடம் ஓட்டிவிட்டால் அப்புறம் யாரும் கேட்க முடியாது" என்கிறார் ஏஜென்ட். நண்பர் ஒருவர், இன்சூரன்ஸே வேண்டாம், அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வை என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: மறைக்காதீர்கள். என்ன நோய், எந்த வருடத்திலிருந்து, என்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். ஏஜென்ட் சொன்னபடி செய்தால் இன்று சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் எந்த நாளுக்காக பாலிசி எடுக்கிறீர்களோ, அந்த நாளில் அது கையை விரித்துவிடும்.

அம்மாவை ஒருநாள் நெஞ்சுவலி என்று அட்மிட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். டூட்டி டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்பது, "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" அம்மா உண்மையைத்தான் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். இன்சுலின் எவ்வளவு, சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கலாமா, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையெல்லாம் அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவர் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறும். அங்கிருந்து, கேஷ்லெஸ் (நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் முறை) அனுமதிக்காக ஆஸ்பத்திரி அனுப்பும் படிவத்துக்குப் போகும். அந்தப் படிவத்தில் நீரிழிவு, ரத்த அழுத்தம், இதய நோய் ஒவ்வொன்றுக்கும் 'எந்த மாதம், எந்த வருடத்திலிருந்து' என்று டாக்டர் நிரப்ப தனித்தனிக் கட்டமே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர் அதையும் உங்கள் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கிளெய்ம் நின்றுவிடும். பாலிசியையே ரத்து செய்யவும் வாய்ப்பு உண்டு. அப்படி ரத்தானால், வேறு எங்கே விண்ணப்பித்தாலும் 'இதற்கு முன் உங்கள் பாலிசி ரத்தானதா?' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டி வரும்.

ஐந்து வருடக் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. 60 மாதம் இடைவெளியில்லாமல் பிரீமியம் கட்டிய பிறகு, தகவல் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக கிளெய்மை மறுக்க முடியாது. எட்டு வருடமாக இருந்த அந்தக் காலத்தை 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஐந்தாகக் குறைத்தது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுபவருக்கு 'சுகர் இல்லை' என்று தெரிந்தே எழுதிவிட்டு, மறதி என்று வாதாடுவது கஷ்டம். அதோடு, அந்த ஐந்து வருடத்தில் அம்மாவுக்கு 66 வயதாகிவிடும். ஆஸ்பத்திரிச் செலவு அதுவரை காத்திருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

இப்போதெல்லாம் ஏஜென்ட்டே செயலியில் படிவத்தை நிரப்பிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்று போனில் கேட்கிறார். அந்த ஆறு எண்கள்தான் உங்கள் கையெழுத்து. உடல்நலக் கேள்விகள் உள்ள பக்கத்தைப் படித்துப் பார்க்காமல் சொல்லாதீர்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்ப நகலைப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

பாலிசிக்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்டால் பயப்பட வேண்டாம். 'டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் சோறு சாப்பிடாதீங்க' என்ற யோசனையையும் கேட்க வேண்டாம். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை, இரண்டு நாள் பட்டினியில் அது மாறாது. அம்மா மயங்கி விழுவதுதான் மிச்சம்.

சரி, உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம். சில நிறுவனம் மறுக்கவும் செய்யும், அப்போது இன்னொன்றைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு, அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் மூன்று வருடம். முன்பு நான்காக இருந்தது, 2024 ஏப்ரலில் குறைத்தார்கள். முதல் 30 நாள் கழித்து டெங்கு போன்றவற்றுக்கு கிடைக்கும், விபத்துக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு பொதுவாக இரண்டு வருடம். சுகர், பிரஷர் சம்பந்தப்பட்டதற்கு மட்டும் மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

அந்த மூன்று வருடத்தைக் கடக்கத்தான் உங்கள் கம்பெனி பாலிசி. பெரும்பாலான குரூப் பாலிசிகளில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் உண்டு. உங்களுடையதிலும் அப்படியா, 3 லட்சம் அம்மாவுக்குத் தனியா அல்லது நான்கு பேருக்கும் சேர்த்தா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறினால் இது போய்விடும். அதனால்தான் தனி பாலிசியை இப்போதே தொடங்கச் சொல்கிறேன். காத்திருப்புக் காலம் இன்றே ஓட ஆரம்பிக்கட்டும்.

அம்மாவை குடும்ப ஃப்ளோட்டரில் (ஒரே தொகையைக் குடும்பம் முழுக்கப் பகிரும் பாலிசி) சேர்க்காமல் தனி பாலிசி எடுங்கள். ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். வாங்கும்போது அறை வாடகை வரம்பை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். 5 லட்சத்தில் ஒரு சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால் கூடுதல் 3,000 மட்டும் உங்கள் தலையில் விழும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டுப்படும். 1 லட்சத்துக்கு 62,500 தான் வரும். மருந்து, ஸ்டென்ட் போன்றவற்றில் இந்த வெட்டு இல்லை. அறை வரம்பே இல்லாத பாலிசி கொஞ்சம் விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். கோ-பே 20 சதவீதம் என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது, அதையும் கணக்கில் வையுங்கள்.

நண்பர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, லேப் டெஸ்ட், கண் பரிசோதனை எதற்கும் சாதாரண பாலிசி பணம் தராது. அதற்கு மாதம் 3,500 ரூபாய் ஆர்.டி. போடுங்கள். எடுக்காமல் விட்டால் மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 1,26,000 சேரும். இது பாலிசிக்குப் பதில் அல்ல, அதன் பக்கத்தில் இருக்க வேண்டியது. இந்தப் பணத்தை பங்குச் சந்தையில் போடாதீர்கள்.

மருந்துச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்து மலிவு. மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மிச்சமாகும் பணத்தில் வருடம் ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பாதம் நான்கையும் தவறாமல் பாருங்கள். சிறுநீரகம் கெட ஆரம்பிப்பது வெளியில் தெரியாது, அந்தச் சிறுநீர் டெஸ்டில்தான் முதலில் தெரியும். டயாலிசிஸ் வரை போனால் 5 லட்சமும் 3 லட்சமும் எந்த மூலைக்கு?

வரி விலக்குக்காக எதையும் முடிவு செய்யாதீர்கள். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான வருமான வரிச் சலுகை (80டி என்பார்கள்) பழைய வரி முறையில்தான், உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை, ஏஜென்ட் தரும் பிரீமியத் தாளில் அது எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

அந்த ஏஜென்ட்டிடம், "சுகரை எழுத வேண்டாம் என்பதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைத் தேடுங்கள். புது ஆளைப் பார்க்கப் போகும்போது அம்மாவின் முதல் பிரிஸ்கிரிப்ஷன் முதல் கடைசி ரத்தப் பரிசோதனை வரை ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.